வடகரைக்கு மட்டும்

கத்தரிக்கோல் உற்பத்தியாளர் சங்கத்தில் அவளை எல்லோரும் ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அங்கே எழுத்து வேலை. தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பட்டியல், அதிகாரிகளுக்குப் போகிற மனு எல்லாம் அவள் கையில் பிறந்து தலைவர் கையெழுத்தில் முடியும். "நான் பேசினா ஊர்தான் கேக்கும். ரைட்டரம்மா எழுதினா கவர்மென்ட்டே கேக்கும்" என்று தலைவர் கூட்டத்தில் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். மற்றபடி அந்த வேலையில் குளிர்வதற்கு ஒன்றுமில்லை. தகரக் கூரை, மேலே ஒரு மின்விசிறி, அது சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வியர்வை காகிதத்தில் சொட்டும்.

ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. வடகரையில் நூற்று நாற்பது பட்டறைகள், சங்க அலுவலகம், வங்கி, லாரி நிற்கிற இடம். தென்கரையில் இருபத்து மூன்றே பட்டறைகள். நடுவில் ஒரு பழைய பாலம், நடந்தால் கால் மணி நேரம். இரண்டு கரையிலும் செய்கிற சாமானுக்கு ஒரே பெயர்தான்: கரைக்கத்தரி. தையல்காரர்கள் அதை வாங்கும்போது துணியில் வெட்டிப் பார்ப்பதில்லை. காதருகே வைத்து ஒரு தடவை திறந்து மூடுவார்கள். அலகுகள் உரசுகிற ஓசை அடிமுதல் நுனிவரை ஒரே சீராக வந்தால் தலையாட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள். எந்தக் கரை என்று யாரும் யாரையும் கேட்டதாக நினைவில்லை.

அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கோ தொலைவில் இயந்திரத்தில் அச்சடித்த மாதிரி செய்து, அலகில் 'கரைக்கத்தரி' என்று குத்தி, பாதி விலைக்கு இறக்கினார்கள். மூன்று மாதத்தில் முனை மழுங்கியது. வாங்கினவன் திட்டியது என்னவோ இந்த ஊரைத்தான். "செய்யாத தப்புக்குச் செருப்படி" என்று பட்டறைக்காரர்கள் புலம்பினார்கள். ஆர்டர்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் குறைந்தபோதுதான் சங்கத்து வக்கீல் புவிசார் குறியீடு என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"பேருக்கு வேலி போடற சட்டம்ங்க. பதிவு பண்ணிட்டா இந்த ஊர்ல செஞ்சதுக்கு மட்டும்தான் இந்தப் பேரு. வெளியாள் எவனாவது போட்டா கோர்ட்டுக்கு இழுக்கலாம்."

"உடனே போட்ருவோம்" என்றார்கள் எல்லோரும்.

"வேலின்னா முதல்ல எல்லை சொல்லணும். எதுலேருந்து எதுவரைக்கும் ஊரு?"

செயற்குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. தென்கரை வேறு மாவட்டம். அதையும் சேர்த்தால் இன்னொரு மாவட்டத்து அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும், இன்னும் இரண்டு வருடம் ஆகும். அக்கரைக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர்களும் இல்லை. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"இப்போதைக்கு நம்ம பக்கம் மட்டும் வாங்கிக்குவோம். கையில கிடைச்சப்புறம் அவங்களச் சேத்துக்கறது ஒரு பெரிய விஷயமா?"

நியாயமாகத்தான் பட்டது. அவள் தீர்மானத்தில் 'தென்கரைப் பட்டறைகள் பின்னர் சேர்த்துக்கொள்ளப்படும்' என்று ஒரு வரி எழுதினாள். தலைவர் வாசித்துப் பார்த்து, "இந்த வரி எதுக்கும்மா? அது நம்ம மனசுல இருந்தாப் போதும்" என்றார். அவள் வேறு தாளில் அந்த வரி இல்லாமல் படியெடுத்தாள்.

அவள் பிறந்தது தென்கரையில். அப்பாவின் பட்டறையை அவளுடைய அண்ணன் ஆறு ஆட்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். வாக்கப்பட்டது வடகரையில். கணவர் தலைவருடைய பட்டறையில் சாணைக்காரர், இருபது வருடமாக. தலைவர் நினைத்தால் அவர்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை, நினைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. இது யாரும் வாய்விட்டுச் சொன்னதல்ல. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

விண்ணப்பத்துக்குப் பழைய ஆதாரம் வேண்டும் என்றார் வக்கீல். இந்தப் பெயர் நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது என்று காட்ட ஏதாவது ஒரு காகிதம். வடகரை முழுக்கத் தேடினார்கள். இரும்பைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்களுக்குக் காகிதத்தைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அண்ணனின் பட்டறைச் சுவர் நினைவுக்கு வந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பொருட்காட்சியில் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்த நற்சான்று, கண்ணாடிச் சட்டத்துக்குள். 'கரைக்கத்தரி என்னும் பெயர்பெற்ற தையற் கத்தரிக்கோல்' என்று அதில் அச்சாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்து போனாள். அண்ணன் தோய்ச்சல் போட்டுக்கொண்டிருந்தார். செக்கச்செவேலென்று பழுத்த அலகை இடுக்கியில் எடுத்து, நிறம் பார்த்து, சட்டென்று தண்ணீர்த் தொட்டிக்குள் முக்குகிற வேலை. ஒரு நொடி முந்தினால் இரும்பு வளையும், பிந்தினால் உடையும். அந்த நேரத்தில் அவரிடம் பேசினால் பதில் வராது. ஐந்து அலகு முடிந்து நிமிர்ந்த பிறகுதான், "வா பாப்பா" என்றார். நாற்பத்து நாலு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, மேல்துண்டால் தூசி துடைத்துக் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ. இத்தன வருஷம் சுவத்துல தொங்கி என்னத்தக் கிழிச்சுது? பேருக்கு ஒரு நல்லது நடந்தா எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தாண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டுச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பாலத்தின் நடுவே வந்தபோது, திரும்பிப் போய் முழுசாகச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பின்னாலிருந்து லாரி ஒலியெழுப்பியது. வழிவிட்டு ஒதுங்கியவள், ஒதுங்கிய வேகத்திலேயே இந்தக் கரைக்கு வந்துவிட்டாள்.

வக்கீல் சட்டத்திலிருந்து காகிதத்தை வெளியே எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. பேனா மூடியால் காகிதத்தின் அடியைத் தட்டினார். அங்கே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'தென்கரைப் பட்டறை.'

"இந்தக் கடைசி வரி இல்லாம இருந்தா நல்லா இருக்குமே, ரைட்டரம்மா."

"அழிக்கணுமா சார்?" என்றாள்.

"சேச்சே. அழிச்சா குத்தம். மடிச்சா என்ன குத்தம்? மிஷின்ல வைக்கும்போது அடியில ரெண்டு விரக்கடை மடிச்சு வைங்க. ஒரிஜினல் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

நகலெடுக்கும் இயந்திரம் அறையின் மூலையில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தலைவர் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தன் வீட்டுச் சோறு என்பதும் தெரிந்தது. மடித்தாள். பழைய காகிதம், நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் நீவி, கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போயிற்று.

அதோடு முடியவில்லை. எல்லை ஏன் ஆற்றோடு நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமாம். 'வடகரைக் கிணற்று நீரிலுள்ள தாதுக்களே தோய்ச்சலின்போது அலகுக்கு உறுதியைத் தருகின்றன. ஆற்றின் மறுகரையில் இத்தன்மை காணப்படவில்லை' என்று எழுதினாள். இரண்டு கரைக் கிணறும் ஒரே ஆற்றின் ஊற்றுதான். ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. வக்கீலே பாராட்டினார். பாராட்டு வாங்கிய வாக்கியத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பின்னாளில் நினைத்தபோது, மடித்ததைவிட அந்தப் பெருமைதான் அவளை அதிகம் கூசவைத்தது.

விண்ணப்பம் அரசிதழில் வந்தது. ஆட்சேபம் சொல்ல நான்கு மாதம் அவகாசம். தென்கரையில் அரசிதழ் வாசிக்கிறவர் யார் இருக்கிறார்கள்? அவளுடைய மேசை நாள்காட்டியில் மட்டும் கடைசித் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அண்ணன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஒரு தடவை அவளுடைய மகளின் கல்லூரி விண்ணப்பம் பற்றி விசாரிக்க, ஒரு தடவை சும்மா. டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணியின் முழங்கால் வலி பற்றி, இரும்பு விலை பற்றிப் பேசினார்கள். வட்டம் போட்ட தேதி ஒரு வியாழக்கிழமை. அன்று அவள் வழக்கம்போல ஐந்து மணிக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பதிவு கிடைத்துவிட்டது. செய்தித்தாளில் தலைவர் படம் வந்தது, கையில் கத்தரியில் ஒட்டும் புது லேபிளோடு. நற்சான்றைச் சட்டத்தில் போட்டு, ஆள் மூலம் தென்கரைக்குத் திருப்பி அனுப்பினாள். தானே கொண்டுபோகாததற்கு வேலை அதிகம் என்று ஒரு காரணம் வைத்திருந்தாள். அண்ணன் போன் செய்தார்.

"பேப்பர்ல பாத்தேன் பாப்பா! பெரிய காரியம். எங்களுக்கு எப்ப லேபிள் வரும்?"

"சேத்துக்குவாங்கண்ணே. கொஞ்ச நாளாகும்."

"ஆகட்டும், ஆகட்டும். பொறுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியாதா?"

அடுத்த செயற்குழுவில், போலிக்காரர்கள் மேல் வழக்குப் போடுவது பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால். பெயர் தெரியாது, விலாசம் தெரியாது. வக்கீல் கையை விரித்தார். "முதல்ல பக்கத்துல இருக்கறவங்கள நிறுத்துங்க. நாம பேரக் காப்பாத்தறோம்னு ரெக்கார்டு வேணும்." பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேர்த்துக்கொள்வதாகச் சொன்னோமே என்று ஒருவர் மட்டும் இழுத்தார். தலைவர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். அதில் அப்படி எதுவும் இல்லை.

இருபத்து மூன்று நோட்டீஸ். அவள்தான் அடித்தாள். 'தாங்கள் உற்பத்தி செய்யும் கத்தரிக்கோல்களில் மேற்படி பெயரைப் பொறிப்பது சட்டப்படி தண்டனைக்குரியது.' பதினேழாவது உறையில் அண்ணனின் விலாசம். அவர் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டபோது விரல் நின்றது. வாழ்நாளில் அண்ணனை அவள் 'திரு' என்று எழுதியதே இல்லை.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் அவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்கு வரவில்லை. வெளி பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். அவள் எழுந்து போய், "அண்ணே" என்றாள்.

"தலைவரப் பாக்கணும்" என்றார், வேறு யாரோ எழுத்தரிடம் சொல்வதுபோல.

தலைவர் அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். கதவு அரைமணி நேரம் மூடியிருந்தது. வெளியே வந்தவர் அவள் மேசையைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. அந்த வாரமே தென்கரைப் பட்டறைகளில் பெயர் குத்துகிற முத்திரைகளைச் சாணையில் கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். வருடக் கடைசிக்குள் இருபத்து மூன்றில் பதினோரு பட்டறைகள் பூட்டிவிட்டன. பெயரில்லாத கத்தரிக்கோலை எந்தக் கடைக்காரரும் கையால் தொடவில்லை. ஆனால் அண்ணனுடைய பட்டறை பூட்டவில்லை. அடுப்புப் புகை தினமும் தெரிகிறது என்று பாலத்தில் போகிறவர்கள் சொன்னார்கள். எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

லேபிள் விநியோகம் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் எண் இருக்கும், பட்டறையில் எத்தனை ஆள் என்பதற்கேற்பக் கொடுக்க வேண்டும். தலைவருடைய பட்டறையில் முப்பது பேர். எவ்வளவு ஓடினாலும் வாரத்துக்கு நானூறுக்கு மேல் முடியாது. அவர் வாங்குவது ஆயிரத்துக்கும் மேல். முதல் இரண்டு மாதம் கையிருப்புக்கு வாங்குகிறார் என்று நினைத்தாள். மூன்றாம் மாதம் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"உங்க பட்டறைக்கு எங்கேருந்துங்க இத்தன சாமான் வருது?"

அவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "விடிகாலைல வண்டி வருது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து. செஞ்சு முடிச்ச சாமான். நாங்க பேரக் குத்தி லேபிள் ஒட்டறோம். அவ்வளவுதான் வேல."

"எங்க அண்ணன் பட்டறையிலேருந்தா?"

"அங்கேருந்தும்தான். மூணுல ஒரு பங்கு விலைக்கு."

"எத்தன நாளா?"

"நோட்டீசு போன மறு வாரத்துலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். "நீ எங்கிட்ட என்னத்தச் சொன்ன?"

அதற்கு மேல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலி போட்டது பயிரைக் காக்க என்று நினைத்தாள். அதே பயிரை வேலிக்கு வெளியே நிற்க வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் அடித்த அலகு, அண்ணன் போட்ட தோய்ச்சல், தென்கரைத் தண்ணீர். அதன்மேல் வடகரைத் தண்ணீரைப் பற்றி அவள் எழுதிய வாக்கியம், பொடி எழுத்தில், லேபிளின் பின்பக்கம் அச்சாகி ஒட்டியிருந்தது.

சட்டத்தைத் தானே எடுத்து வாசித்தாள். பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கோரலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பாதிக்கப்பட்டவர் மனுப்போட வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். மடித்ததை எழுதினாள். கிணற்று நீர் பற்றிச் சொன்னது பொய் என்று எழுதினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எழுதியதிலேயே அலங்காரம் இல்லாத காகிதம் அதுதான். எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

அண்ணன் பட்டறையில் இப்போது ஆறு பேரும் இருந்தார்கள், ஆனால் பேச்சுச் சத்தமே இல்லை. மூலையில் அண்ணி கத்தரிக்கோல்களை டஜன் டஜனாகச் சணல் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். அலகுகள் பெயர் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தன. நற்சான்று பழையபடி சுவரில் தொங்கியது. அடியில், கடைசி வரிக்கு மேலே, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

அண்ணன் மனுவை முழுக்க வாசித்தார். நிதானமாக, ஒவ்வொரு பக்கமாக.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் பாப்பா" என்றார்.

"என்னண்ணே தெரியும்?"

"தொண்ணூறு வருஷம் நேரா இருந்த காகிதம். திரும்பி வந்தப்ப மடிப்போட வந்துச்சு. மடிப்பு எங்க விழுந்திருக்குன்னு பாக்க எனக்குக் கண்ணு இல்லையா? நோட்டீசுலயும் கையெழுத்துதான் தலைவரோடது. வளைச்சு வளைச்சு எழுதற அந்த நடை யாரோடது? சின்னப் புள்ளையில உனக்கு எழுதப் பழக்கினவன் நான்."

அவளுக்கு அழுகை முட்டியது. "திட்டுங்கண்ணே."

"திட்டி என்ன ஆகப்போவுது?" மனுவை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏண்ணே? ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கு. ஜெயிச்சுரலாம்."

"எத்தன வருஷத்துல?"

அவள் மனுவின் பக்கங்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள்.

"கையெழுத்துப் போட்ட மறுநாள் வண்டி நிக்கும். இந்த ஆறு பேரு வீட்லயும் அடுப்பு நிக்கும். பேரு அவருக்கு, வேல எனக்கு. அப்படித்தான் ஓடுது, ஓடட்டும். எரியற கொஞ்ச நெருப்பையும் ஊதி அணைச்சுடாத."

"ஊதினது நான்தாண்ணே. நான்தான் சரி பண்ணணும்."

"உனக்கு மனசு லேசாகணும். அதுக்கு நான் வேல இழக்கணுமா?" குரல் உயரவே இல்லை. அண்ணி மட்டும் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தாள். நாலு நாள் மனுவைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள், அண்ணன் கையெழுத்து இல்லாமல், தன் பெயரிலேயே அனுப்பினாள். அண்ணனைப் பற்றி ஒரு வரியும் வராமல் பார்த்துக்கொண்டாள். அதனால் அவருக்குக் கெடுதல் வராது என்று நம்பினாள். அல்லது நம்பினால்தான் அனுப்ப முடியும் என்பதால் நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே பத்தி. மனுதாரர் உற்பத்தியாளரும் அல்லர், பாதிக்கப்பட்டவரும் அல்லர். அசல் ஆவணம் எதுவும் இணைக்கப்படவில்லை. ஆகவே மனு ஏற்கப்படவில்லை. அடியில் விதிப்படி ஒரு குறிப்பு: 'நகல், பதிவு பெற்ற உரிமையாளரின் தகவலுக்கு.' பதிவு பெற்ற உரிமையாளர் சங்கம்தான். சங்கத்தின் தபாலைப் பிரிப்பவள் அவள். ஆனால் அந்த நகல் வந்த அன்று அவள் வங்கிக்குப் போயிருந்தாள், தலைவரே உறையைப் பிரித்துவிட்டார்.

அவர் சத்தம் போடவில்லை. எதிரே உட்காரவைத்துத்தான் பேசினார்.

"தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கறியேம்மா. நாலு மாசம் வாயத் திறக்கல. இப்ப யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலைங்க. நானேதான்."

"உங்க அண்ணன் பட்டறைக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா?"

"அவருக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க. கையெழுத்துக் கேட்டேன். போட மாட்டேன்னுட்டார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கேட்டேன் என்று சொல்லியிருக்கவே கூடாது. தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லல."

மாலைக்குள் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கணவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மெருகு போடும் இடத்திலிருந்து முரட்டுச் சாணைக்கு மாற்றினார்கள், இரும்புத் தூள் பறந்து மூச்சில் ஏறுகிற இடம். அவர் வந்து துணி மாற்றி, சாப்பிட்டு, இருமிவிட்டுப் படுத்துக்கொள்வார். அவளிடம் கோபமாகப் பேசியதில்லை. பேசியதே குறைவு.

தென்கரைக்கு அந்த வாரத்தோடு வண்டி போவது நின்றது. மற்ற பட்டறைகளுக்கு ஒரு மாதத்தில் மறுபடியும் போயிற்று. அண்ணனுடைய பட்டறைக்குப் போகவில்லை. அவர் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். விவசாயக் கருவி அடித்தார், கதவுக் கீல் அடித்தார். ஆறு பேர் நாலாகி, இரண்டாகி, ஒரு நாள் அவர் மட்டும் அடுப்பு மூட்டினார். மறுநாள் அதுவும் இல்லை. பாலத்தில் போகிறவர்கள் இப்போது எதுவும் சொல்வதில்லை. அவள் நேரில் போகலாமா என்று நினைத்து நினைத்து, அண்ணியின் அந்தப் பார்வை கண்முன் வந்து, போகவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலை. கணவர் வேலைக்குப் போன பிறகு வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணன். ஆள் கறுத்து, சட்டை தோளில் தொங்கியது. கையில் நீளமான ஒரு காகிதம்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். அவள் டீ போட ஓடினாள். சர்க்கரை டப்பா கண்ணெதிரே இருந்தும் தேடினாள். டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் காகிதத்தை மேசைமேல் விரித்திருந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சங்கத்தின் தொழிலாளர் பதிவுப் படிவம், அவளே வடிவமைத்தது.

"தலைவர் பட்டறையில தோய்ச்சலுக்கு ஆள் தேடறாங்க. போய்க் கேட்டேன். வரச் சொல்லிட்டார்" என்றார் அண்ணன். "திங்கக்கெழமைலேருந்து."

"அண்ணே..."

"கூலிக்குத்தான். அதனால என்ன? அந்த வேலைக்கு நம்மளவிட்டா ஆளு கிடையாதுன்னு அவருக்கும் தெரியும்." படிவத்தில் ஒரு கட்டத்தை விரலால் காட்டினார். "வடகரையில குடியிருக்கறவனத்தான் பதிவு பண்ணுவாங்களாம். ஆறாவது கட்டத்துல விலாசம் கேக்குது. இந்த வீட்டு விலாசத்தப் போட்டுக்கலாமா? உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டார். போட்டுக்கங்கண்ணே."

"நீயே எழுதிடு. என் எழுத்து கோணல்."

அவள் பேனாவை எடுத்தாள். பெயர், தந்தை பெயர், வயது ஐம்பத்து மூன்று, அனுபவம் முப்பத்தெட்டு வருடம். விலாசம் எழுதினாள். கடைசியில் 'வடகரை' என்று போட்டாள்.

"இன்னொரு காகிதமும் கேட்டாங்க" என்றார். "நீ அனுப்பின மனுவுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு. அதையும் எழுதிக் குடு."

அதையும் எழுதினாள். மூன்று வரி. அவர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். டீ மேல் ஆடை படிந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கதவு நம்பர் என்ன பாப்பா? எழுதினத நான் கவனிக்கல."

இருபது வருடமாக வந்து போகிற வீடு. நம்பர் அவருக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

"நாப்பத்தொண்ணு பை ரெண்டுண்ணே."

"பதிவச் சரிபாக்க இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா டக்குனு சொல்லணுமாம்" என்றார். படியிறங்கி, தேங்கியிருந்த மழைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்று பை இரண்டு, நாற்பத்தொன்று பை இரண்டு என்று அவர் மனப்பாடம் செய்துகொண்டே போனார்.